கேள்வி – பதில்: படிவச் சோதனைக்குத் தற்காலிக மின்னஞ்சல்

இணையப் படிவமும் கருத்துக்கணிப்பும் தயாரிக்கிறவர்கள், அவற்றை வெளியிடும் முன் சோதிப்பது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: பள்ளி முன்னாள் மாணவர் சந்திப்புக்காகக் கூகுள் ஃபார்ம்ஸில் பதிவுப் படிவம் போட்டிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் நானே பத்துப் பேராக நிரப்பிப் பார்க்க ஆசை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஜிமெயில். சில நிமிடமோ சில நாளோ மட்டும் பயன்படும் தற்காலிக முகவரி தரும் தளங்கள் உதவுமா?
– சங்கச் செயலாளர், தஞ்சாவூர்

ப: படிவத்தின் அமைப்பைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ரெஸ்பான்சஸ்' என்பதைத் திறங்கள். 'கலெக்ட் ஈமெயில் அட்ரஸஸ்' என்ற இடத்தில் 'வெரிஃபைட்' என்று இருந்தால், நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கின் முகவரியையே படிவம் எடுத்துக்கொள்ளும். அங்கே தற்காலிக முகவரிக்கு வேலையே இல்லை. 'ரெஸ்பாண்டர் இன்புட்' என்று இருந்தால் நிரப்புகிறவர் தட்டச்சு செய்யும் முகவரி அப்படியே பதிவாகும். அது உண்மையில் இருக்கிறதா என்று கூகுள் சரிபார்ப்பதில்லை. இந்த இரண்டாவது வகையில் எந்த முகவரியைக் கொண்டும் சோதிக்கலாம்.

'லிமிட் டு 1 ரெஸ்பான்ஸ்' போட்டிருந்தாலும், கோப்பு பதிவேற்றும் கேள்வி ஒன்றே ஒன்று இருந்தாலும், கூகுள் கணக்கு கட்டாயமாகிவிடும். "பழைய குழுப்படம் இருந்தால் இணைக்கவும்" என்று ஒரு கேள்வி சேர்த்திருக்கிறீர்களா? அப்படியானால் கூகுள் கணக்கு இல்லாதவர்களால் உங்கள் படிவத்தை நிரப்பவே முடியாது. படிவத்தைத் தயாரித்தவர் எப்போதும் தன் கணக்கில் நுழைந்தே இருப்பதால் இது அவர் கண்ணில் படாது. அதனால் முதல் சோதனையை உலாவியின் இன்காக்னிட்டோ சாளரத்தில், எந்தக் கணக்கிலும் நுழையாமல் செய்யுங்கள்.

பத்து முகவரிக்கு வெளித்தளம் தேட வேண்டாம். உங்கள் ஜிமெயில் பெயருக்குப் பின்னால் பிளஸ் குறியும் ஓர் எண்ணும் சேருங்கள்: உங்கள்பெயர்+1@ஜிமெயில்.காம், உங்கள்பெயர்+2@ஜிமெயில்.காம் என்று (தட்டச்சு செய்வது ஆங்கில எழுத்தில்). எல்லாமே உங்கள் ஒரே பெட்டிக்கு வந்து சேரும். படிவத்துக்கோ அவை பத்து வேறு முகவரிகள். முதல் முகவரியில் எல்லாக் கேள்விக்கும் பதில், இரண்டாவதில் கட்டாயக் கேள்விகளுக்கு மட்டும், மூன்றாவதில் "குடும்பத்தோடு வருகிறேன்" என்ற கிளை, நான்காவதில் "வரவில்லை" என்ற கிளை என்று முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நிரப்புங்கள். எந்த எண் எந்தக் கிளைக்கு என்று தெரிந்தால்தான் பதில் தாளில் தவறு எங்கே என்று பிடிக்க முடியும்.

ஜிமெயில் பெயரில் வரும் புள்ளிகளைக் கூகுள் கண்டுகொள்வதில்லை. புள்ளி வைத்தும் வைக்காமலும் எழுதிய முகவரிகள் அனைத்தும் ஒரே பெட்டிதான். இதுவும் சோதனைக்கு உதவும். ஆனால் நிறுவனத்தின் சொந்த டொமைனில் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) இயங்கும் கூகுள் கணக்குகளுக்கு இந்தப் புள்ளி விதி பொருந்தாது.

முடித்ததும் சோதனைப் பதில்களை இரண்டு இடத்தில் அழிக்க வேண்டும். படிவத்தின் 'ரெஸ்பான்சஸ்' பக்கத்தில் அழித்தால் இணைத்திருக்கும் ஷீட்ஸ் தாளில் அந்த வரிகள் அப்படியே இருக்கும். தாளில் அழித்தால் படிவத்தின் சுருக்க வரைபடத்தில் எண்ணிக்கை குறையாது. சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று தாளைப் பார்த்துச் சொல்பவர் உங்கள் பத்துப் பேரையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

கே: பத்து நிமிட முகவரி ஒன்றை எடுத்துப் படிவத்தில் போட்டேன். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரவே இல்லை. பிழை படிவத்திலா, முகவரியிலா?
– முதுகலை மாணவர், சென்னை

ப: மூன்று இடத்தில் தேட வேண்டும்.

அனுப்பும் பக்கத்தை முதலில் பாருங்கள். கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (கூகுள் சேவைகளைத் தானாக இயக்கும் சிறு நிரல்) எழுதி மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள் என்றால், சாதாரண ஜிமெயில் கணக்குக்கு நாளொன்றுக்கு 100 பெறுநர்தான் வரம்பு. சோதனைக்காகவே அதில் பாதியைத் தீர்த்துவிட்டு, மாலையில் மின்னஞ்சல் நின்றுபோனதும் நிரலில் பிழை தேடுகிறவர்கள் உண்டு. ஸ்கிரிப்டின் 'எக்ஸிகியூஷன்ஸ்' பக்கத்தில் பிழைச் செய்தி இருக்கும்.

இரண்டாவது, படிவக் கருவியே முகவரியை மறுத்திருக்கலாம். தற்காலிக டொமைன்களின் பட்டியல்கள் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. பல கருவிகள் அவற்றை வைத்தே முகவரியைச் சலிக்கின்றன. சில "முகவரி செல்லாது" என்று சொல்லும். சில ஒன்றுமே சொல்லாமல், நன்றிப் பக்கத்தைக் காட்டிவிட்டு மின்னஞ்சலை மட்டும் அனுப்பாமல் விட்டுவிடும். இரண்டாவது வகைதான் ஆளைக் குழப்பும். அதே படிவத்தை உங்கள் சொந்த முகவரியால் ஒருமுறை நிரப்பினால் ஐயம் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, நேரம். அறிமுகமில்லாத சர்வரிலிருந்து வரும் முதல் மின்னஞ்சலைச் சில பெறும் சர்வர்கள் "பிறகு வா" என்று திருப்பும். கிரேலிஸ்டிங் என்று இதற்குப் பெயர். ஒழுங்கான அனுப்பும் சர்வர் சில நிமிடம் கழித்து மறுபடி முயலும். குப்பை அனுப்புகிறவன் பெரும்பாலும் முயல மாட்டான் என்பதுதான் அதன் தர்க்கம். போஸ்ட்கிரே என்ற மென்பொருளில் இந்தக் காத்திருப்பு இயல்பாக 300 நொடி. அனுப்பும் பக்கத்தில் வரிசையும் நீளமாக இருந்தால் பத்து நிமிடம் கடந்துவிடும், முகவரியும் போய்விடும். டென் மினிட் மெயில் போன்ற தளத்தில் நேரத்தை நீட்டிக்கும் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துங்கள். அல்லது யோப்மெயிலுக்கு மாறுங்கள். அங்கே மின்னஞ்சல் 8 நாள் இருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தற்காலிகப் பெட்டிக்கு வந்த மின்னஞ்சல் ஜிமெயிலுக்கும் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். தற்காலிகப் பெட்டிகள் பெரும்பாலும் வந்ததை எல்லாம் காட்டும். ஜிமெயில் அனுப்பியவரைச் சோதிக்கும். ஆகவே கடைசிச் சோதனை ஓர் உண்மையான ஜிமெயில் பெட்டியில் நடக்கட்டும். வந்த மின்னஞ்சலைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்தினால் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் என்ற மூன்று வரிகள் தெரியும். அனுப்பியவர் உண்மையானவர்தானா என்று பார்க்கும் சோதனைகள் இவை. மூன்றிலும் 'பாஸ்' இருக்க வேண்டும். அனுப்புநர் இடத்தில் உங்கள் ஜிமெயில் முகவரியைப் போட்டுவிட்டு வேறு கருவியின் சர்வரிலிருந்து அனுப்பும்போதுதான் இங்கே பெரும்பாலும் 'ஃபெயில்' வருகிறது. அனுப்புநராகக் கருவியின் முகவரியோ உங்கள் சொந்த டொமைனோ இருக்கட்டும். உங்கள் ஜிமெயிலை 'ரிப்ளை டு' இடத்தில் போடுங்கள்.

கே: யோப்மெயிலில் என் பெயரிலேயே ஒரு முகவரி வைத்திருக்கிறேன். அது எனக்கு மட்டும்தானே?
– வாசகி, ஈரோடு

ப: இல்லை. கடவுச்சொல்லே இல்லாத பெட்டி அது. அதே பெயரைத் தட்டச்சு செய்கிற யாருக்கும் திறக்கும். மெயிலினேட்டரின் இலவசப் பெட்டிகளும் அப்படித்தான். ஊர்ப் பொதுத் திண்ணையில் கடிதத்தை வைத்துவிட்டு வருவதற்குச் சமம்.

படிவச் சோதனையில் இதனால் வரும் ஆபத்தைப் பலர் யோசிப்பதில்லை. கூகுள் ஃபார்ம்ஸில் பதிலைப் பின்னர் திருத்தலாம் என்று அனுமதித்திருந்தால், பதிலின் நகலாக வரும் மின்னஞ்சலிலேயே திருத்தும் லிங்க் இருக்கும். கருத்துக்கணிப்புக் கருவிகள் அனுப்பும் அழைப்பில் ஒவ்வொருவருக்கும் தனி லிங்க் இருக்கும். அதைத் திறப்பவர்தான் பதில் சொன்னவர் என்று கருவி நம்பும். கடவுச்சொல் மாற்றும் லிங்க் வந்தால் கணக்கே கைமாறிவிடும். எனவே பொதுப் பெட்டியில் சோதிக்கும்போது பெயர், கைபேசி எண், ஆதார் எண், உடல்நல விவரம் எதுவும் உண்மையானதாக இருக்கக் கூடாது. உங்கள் கருவியின் நிர்வாகி கணக்கை அந்த முகவரியில் தொடங்கவே கூடாது. பத்து நிமிட முகவரியில் தொடங்கினாலோ, அது மறைந்த பிறகு கடவுச்சொல் மறந்தால் மீட்க வழியில்லை.

நீண்ட நாள் தேவை, ஆனால் சொந்த முகவரியைக் கொடுக்க விருப்பமில்லை என்றால் மாற்றுப்பெயர் முகவரிகளே சரி. ஃபயர்ஃபாக்ஸ் ரிலேயில் 5, சிம்பிள்லாகினில் 10 இலவசம். வரும் மின்னஞ்சல் உங்கள் பெட்டிக்கே திருப்பி அனுப்பப்படும். வேண்டாதபோது அந்த ஒன்றை மட்டும் நிறுத்திவிடலாம்.

கே: எங்கள் தொண்டு நிறுவனம் லைம்சர்வே என்ற கருத்துக்கணிப்புக் கருவியில் ஒரு கணக்கெடுப்பு நடத்தப் போகிறது. அழைப்பு, நினைவூட்டல் எல்லாம் மின்னஞ்சலில். சோதனைக்கு எத்தனை முகவரி வேண்டும், என்னென்ன பார்க்க வேண்டும்?
– களப்பணியாளர், நாகப்பட்டினம்

ப: ஆறு போதும். ஆனால் ஆறும் ஆறு விதமாக நடந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை. கணக்கெடுப்பை அப்படியே நகலெடுத்து, நகலைச் செயல்படுத்துங்கள். செயல்படுத்தாத நிலையில் முன்னோட்டமாக நிரப்பினால் பதில்கள் சேமிக்கப்படாது. மூலத்தையே செயல்படுத்திவிட்டால் அதன்பின் கேள்விகளைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. நகலில் தவறு கண்டால் மூலத்தில் திருத்தி, மறுபடி நகலெடுத்துச் சோதிக்கலாம்.

பங்கேற்பாளர் பட்டியலில் ஆறு முகவரிகளை ஏற்றி, அழைப்பை அனுப்புங்கள். முதலாமவர் முழுதும் நிரப்பட்டும். இரண்டாமவர் பாதியில் சாளரத்தை மூடட்டும். மூன்றாமவர் லிங்கைத் தொடவே வேண்டாம். நான்காமவர் 'இனி அனுப்ப வேண்டாம்' என்ற லிங்கை அழுத்தட்டும். ஐந்தாவது, வேண்டுமென்றே தவறாக எழுதிய முகவரி; உங்கள் நிறுவன டொமைனிலேயே இல்லாத பெயர் ஒன்றைப் போடுங்கள். ஆறாமவருக்குச் செல்லுபடி நாளை நேற்றோடு முடித்துவிடுங்கள்.

இப்போது நினைவூட்டலை அனுப்புங்கள். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் போக வேண்டும். ஒன்று, நான்கு, ஆறுக்குப் போகக் கூடாது. ஐந்தாமவருக்கும் போயிருந்தால் வியப்படைய வேண்டாம்: உங்கள் சர்வர் மின்னஞ்சலை வாங்கிக்கொண்ட உடனேயே லைம்சர்வே 'அனுப்பப்பட்டது' என்று குறித்துவிடும். திரும்பி வந்த மின்னஞ்சலைப் படிக்கும் பவுன்ஸ் அமைப்பைத் தனியாக இயக்கினால்தான் தவறான முகவரி என்று அதற்குத் தெரியும்.

முதலாமவரின் லிங்கை மறுபடி திறந்து பாருங்கள். இயல்பான அமைப்பில் ஒரு லிங்குக்கு ஒரு முறைதான்; ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்ற செய்தி வர வேண்டும். அந்தச் செய்தி தமிழில் இருக்கிறதா, களத்தில் இருப்பவருக்குப் புரிகிறதா என்பதையும் பாருங்கள். இரண்டாமவர் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறாரா, முதலிலிருந்தா? அதுவும் அமைப்பைப் பொறுத்தது. பதில்களை ஏற்றுமதி செய்யும்போது முடித்தவை மட்டுமா, பாதியும் சேர்த்தா என்று கேட்கும். இரண்டாமவரின் பாதிப் பதில் உங்கள் எண்ணிக்கையில் நுழைவது இந்த இடத்தில்தான்.

பிளஸ் முகவரிகளைப் பயன்படுத்தினால் ஒரு சிக்கல் வரலாம். மின்னஞ்சல் முகவரியை லிங்கிலேயே முன்கூட்டி நிரப்பி அனுப்பும் அமைப்பில், இணைய முகவரிக்குள் வரும் பிளஸ் குறி இடைவெளியாக மாறிவிடும்; படிவத்தில் 'உங்கள்பெயர் 2@' என்று நின்று, செல்லாது என்று மறுக்கும். லிங்கில் பிளஸ் இருக்க வேண்டிய இடத்தில் %2 என்பதோடு ஆங்கில வரிசையின் இரண்டாவது எழுத்தான பி-யைச் சேர்த்து எழுத வேண்டும். பங்கேற்பாளர்களில் ஒருவர் உண்மையிலேயே பிளஸ் முகவரி வைத்திருந்தாலும் இதேதான் நடக்கும். ஆகவே இதைச் சோதனையிலேயே பிடித்தது நல்லதுதான்.

நினைவூட்டலை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அனுப்பிப் பார்ப்பதானால் பத்து நிமிட முகவரி உதவாது என்று சொல்லத் தேவையில்லை. அழைப்பில் மீனவர் குடும்ப விவரம், கிராமப் பெயர் என்று உண்மைத் தகவல் நிரம்பி வருமானால் பொதுப் பெட்டியும் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, திரட்டிய விவரத்தைக் காக்கும் கடமை திரட்டியவருடையது. சோதனைக்கு என்று உண்மைப் பட்டியலை ஏற்றாதீர்கள். ஆறு கற்பனைப் பெயர் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கே: சோதனைப் பதிவுகளில் முகவரிக்கு ஏதோ ஒன்றை, டெஸ்ட்@டெஸ்ட்.காம் என்று, அடித்துவிடுவது வழக்கம். தவறா?
– கணினி மைய உரிமையாளர், யாழ்ப்பாணம்

ப: தவறுதான். டெஸ்ட்.காம் யாரோ ஒருவருக்குச் சொந்தமான, உண்மையில் இருக்கும் டொமைன். ஜிமெயிலில் மனம்போனபடி அடிக்கும் பெயருக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கக்கூடும். எக்ஸாம்பிள்.காம் என்ற டொமைனும் .டெஸ்ட், .இன்வாலிட் என்ற முடிவுகளும் இதற்காகவே ஒதுக்கப்பட்டவை. 1999-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2606 என்ற ஆவணம் அப்படிச் சொல்கிறது. மின்னஞ்சல் அனுப்பாத படிவங்களில் அவற்றைப் போடுங்கள். அனுப்பும் படிவங்களில் போட்டால் மின்னஞ்சல் திரும்பி வரும், உங்கள் பவுன்ஸ் கணக்கில் சேரும்.

கே: வாடிக்கையாளர் ஒருவருக்குப் பதிவுப் படிவம் எழுதுகிறேன். ஒரே நேரத்தில் 500 பேர் பதிந்தால் தாங்குமா என்று பார்க்கத் தற்காலிக முகவரி 500 போதுமா?
– இணைய நிரலாளர், கோவை

ப: வேண்டாம். ஒரு மின்னஞ்சல்கூட இணையத்துக்குள் போகாமல் இதைச் சோதிக்கலாம். மெயில்பிட் என்ற சிறு நிரலை உங்கள் கணினியிலேயே ஓட்டுங்கள். செயலியின் எஸ்.எம்.டி.பி. (மின்னஞ்சல் அனுப்பும்) அமைப்பில் சர்வராக லோக்கல்ஹோஸ்ட் (அதாவது உங்கள் கணினியே), போர்ட் 1025 என்று கொடுத்துவிட்டு, உலாவியில் போர்ட் 8025-ஐத் திறந்தால் போதும். செயலி அனுப்பியதெல்லாம் அங்கே வந்து நிற்கும். முகவரி எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளும். வெளியே எதுவும் போகாது. 500 அனுப்பினால் 500 வந்ததா, ஒருவருக்கே இரண்டு போனதா என்று எண்ணிவிடலாம்.

தற்காலிக முகவரிகளுக்கு 500 அனுப்பினால் பாதி காலாவதியாகித் திரும்பும். அனுப்பும் சேவைகள் அதை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளும். அமேசான் எஸ்.ஈ.எஸ். சேவையில் பவுன்ஸ் 5 சதவீதத்தைத் தொட்டால் கணக்கு ஆய்வுக்குப் போகும்; 10 சதவீதம் தொட்டால் அனுப்புவதையே நிறுத்தி வைக்கலாம். அப்படி நின்றால் வாடிக்கையாளரின் உண்மையான மின்னஞ்சல்களும் சேர்ந்தே நிற்கும். திரும்பி வரும் மின்னஞ்சலை உங்கள் நிரல் எப்படிக் கையாள்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அந்தச் சேவையே சிமுலேட்டர் முகவரிகள் தருகிறது: ஒன்று வெற்றி, ஒன்று பவுன்ஸ், ஒன்று புகார். அவை உங்கள் விகிதத்தில் சேராது.

மெயில்பிட்டில் எல்லாம் சரி என்றான பிறகு, உண்மையான பெட்டிகள் மூன்று நான்குக்கு மட்டும் அனுப்பித் தோற்றத்தைப் பாருங்கள்.

கே: ஆன்லைன் போட்டியில் ஒரு முகவரிக்கு ஒரு வாக்கு. தற்காலிக முகவரிகளால் நிறைய வாக்குப் போடலாம் என்கிறார்களே?
– வாசகர், சேலம்

ப: போட முடிகிறது என்பதற்காகப் போடாதீர்கள். நேர்மையாக ஒரு வாக்குப் போட்டவரின் வாக்கை அது செல்லாததாக்குகிறது. நீங்களே போட்டியை நடத்துகிறவர் என்றால், முகவரியை மட்டும் நம்பாமல் அதற்கு ஓ.டி.பி. அனுப்பிச் சரிபாருங்கள், தற்காலிக டொமைன்களைத் தடுங்கள், பிளஸ் குறிக்குப் பின் வருவதை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். கடைசி வேலை எண்ணும்போது மட்டும். மின்னஞ்சல் அனுப்பும்போது அவர் கொடுத்த முகவரியையே பயன்படுத்த வேண்டும்.

கே: முகவரிச் சோதனை எல்லாம் முடிந்தது. படிவத்தை மக்களிடம் விட்டதும் "பெயர் ஏற்கவில்லை" என்று அழைப்பு மேல் அழைப்பு. என்ன விட்டுப்போயிற்று?
– நூலகப் பணியாளர், மதுரை

ப: தமிழ்ப் பெயரால் சோதித்திருக்க மாட்டீர்கள். சோதனை செய்பவர்கள் ஆங்கிலத்தில் நாலெழுத்து அடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இது எல்லா இடத்திலும் நடக்கிறது, வருத்தமாகவும் இருக்கிறது.

'ஸ்ரீநிவாசன் கிருஷ்ணமூர்த்தி' என்று ஒரு பெயரை உள்ளிடுங்கள். நம் கண்ணுக்கு 13 எழுத்தும் ஓர் இடைவெளியும். கணினிக்கு, புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், இடைவெளியோடு 27. எழுத்துகளைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் 79 பைட். 'பெயர் 20 எழுத்துக்குள்' என்று வரம்பு வைத்த படிவம் இதை மறுக்கும் அல்லது நடுவில் வெட்டும். வெட்டு மெய்யெழுத்தின் நடுவே விழுந்தால் புள்ளி மட்டும் போய், பெயரே மாறிவிடும். வரம்பை 100 ஆக்குங்கள்.

ஆங்கில எழுத்து மட்டும் என்ற விதி இருந்தால் தமிழ் முழுதும் தடைபடும். அதை நீக்கி 'எந்த மொழி எழுத்தும்' என்று மாற்றியவர்களும் ஒரு தவறு செய்வதுண்டு: யூனிகோடில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. இரண்டு வகையையும் அனுமதிக்காவிட்டால் 'கமல' ஏற்கும், 'கமலா' ஏற்காது. பெயரில் முன்னெழுத்துக்குப் பின் வரும் புள்ளியையும் அனுமதியுங்கள். குடும்பப் பெயர் என்ற இடம் கட்டாயமாக இருந்தால் அதை விருப்பத்துக்கு விடுங்கள். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அது கிடையாது.

பதில்களைச் சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் கிறுக்கலாகத் தெரியலாம். கோப்பு கெடவில்லை. காலித் தாளைத் திறந்து, 'டேட்டா' பட்டியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.' வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, 'ஃபைல் ஒரிஜின்' இடத்தில் 65001 யூனிகோட் என்பதைக் கொடுங்கள். பிறகு 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' அழுத்தி, திறக்கும் சாளரத்தில் கைபேசி எண் உள்ள பத்தியை 'டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 91-இல் தொடங்கும் 12 இலக்க எண்களை எக்செல் அடுக்குக்குறி எண்ணாகச் சுருக்கிக் காட்டும். அப்படியே மறுபடி சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும்.